அண்ணி 2

எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். "மோகனா வாயத் தொறந்தா தேயிலை ஸ்டோர் சங்கு தோத்துப்போயிரும்லா" என்று என் வீட்டுக்காரரின் அக்கா, புவனேஸ் அண்ணி, எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமை என்னைக் கெடுத்தது வாய் இல்லை, கட்டைவிரல்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. மாசமாக இருந்தபோது மலைமேல் இருக்கிற தானா ராத்தா டவுன் கிளினிக்கில் எல்லாருக்கும் எடுப்பதுபோல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதில் எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். மற்றவர்களுக்கு மயக்கம் வருமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. "யாரோட ரத்தத்தையோ மாத்தி வச்சிக்கிட்டு என்னையச் சொல்றீங்களா?" என்று மேசையைத் தட்டினேன். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே பதில். அப்புறம் என் வீட்டுக்காரர் ஹரிதாசுக்கும் எடுத்தார்கள். அவருக்கும் இருந்தது.

கார் நிறுத்துகிற இடத்தில், சுற்றுலா பஸ்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் அழுதார். "கல்யாணத்துக்கு முந்துன கதை மோகனா. எனக்கே தெரியாது. சத்தியமா தெரியாது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் சொல்லிராத. நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றார். நான் அவரை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். பைத்தியக்காரி.

அங்கே பார்பரா மிஸ்ஸி என்று ஒரு நர்ஸ். நம்ம ஆள்தான், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வேதக்கார வீட்டுப் பெண். கண்ணைத் துடைத்துவிடுகிற ரகம் இல்லை. "அழுது முடிச்சிட்டியா? இப்பக் கேளு" என்று ஆரம்பித்தார். தினமும் நான் ஒரு மாத்திரை. பிள்ளை பிறந்தவுடன் அவனுக்குச் சில வாரம் சொட்டு மருந்து. தாய்ப்பால் வேண்டாம், டின் பால். இதை ஒழுங்காகச் செய்தால் பிள்ளையை அந்த நோயிலிருந்து காப்பாற்றிவிடலாம். "ஒழுங்கா" என்ற சொல்லை மட்டும் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்.

பிள்ளை வயிற்றில் இருக்கிறவரை கிளினிக்குக்கு ஓடிவருகிற பெண்கள், பிறந்த பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லையாம். தூக்கமில்லை, பஸ் இல்லை, மாமியார் விடவில்லை, ஏதோ ஒன்று. அதனால் மிஸ்ஸி போனைப் பிடித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வரும்: "சாப்பிட்டாச்சா?" மாத்திரை என்ற பேச்சே இருக்காது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் நம் ஊரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நான் "சாப்பிட்டாச்சு" என்று போட வேண்டும். "குட்டி சாப்பிட்டானா?" என்றால் பிள்ளையின் சொட்டு மருந்து. ஏழு மணிக்குள் பதில் வராவிட்டால் ஹரிதாசுக்குப் போன் போகும். அவருக்கும் தனியாக அதே கேள்வி உண்டு.

மிஸ்ஸியின் நம்பரை என்ன பெயரில் வைப்பது? என் மாமியார் சரோஜா அத்தை தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். என் போன் சிணுங்கினால் என்னைவிட முதலில் அவர் கழுத்துத்தான் நீளும். யோசித்து யோசித்து "அண்ணி 2" என்று போட்டேன். புவனேஸ் அண்ணியிடம் முன்பு இரண்டு நம்பர் இருந்தது. ஆகவே யாரும் கேட்க மாட்டார்கள். ஹரிதாஸ் அவர் போனில் "அக்கா 2" என்று போட்டுக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேரும் எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்தோம். பல மாதம் கழித்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பையன் பிறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. முதலில் எடுத்த ரத்தத்தில் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் சொட்டு மருந்து கொடுத்தால் அதுவும் முடியும். ஆனால் காலையிலிருந்தே அத்தை என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். "பச்சப் புள்ளைக்கு டின் பாலக் குடுக்கிற. உங்கம்மா உனக்கு இப்படித்தான் குடுத்தாளா?" பால் சுரக்கவில்லை என்ற பொய்யை நான் எத்தனை விதமாகத்தான் சொல்வது? கீரை, பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் தின்றாகிவிட்டது. சாயங்காலம் பையன் வேறு மருந்தை ஒருமுறை கக்கிவிட்டான். மறுபடி கொடுத்தேன். நானும் என் மாத்திரையை விழுங்கினேன். அதற்குள் போன் சிணுங்குகிறது.

"சாப்பிட்டாச்சா?"

"குட்டி சாப்பிட்டானா?"

"என்ன மோகனா, பதிலே இல்ல? முந்தாநாளும் இல்ல."

முந்தாநாள் நான் மறந்துவிட்டது உண்மைதான். அதைக் குத்திக்காட்டியதும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. ஒரு கையில் பிள்ளை, தோளில் கக்கிய துணி, அடுப்பில் போத்தல் கொதிக்கிறது. இந்த "சாப்பிட்டாச்சு" நாடகம் எல்லாம் எனக்கு எதற்கு என்று, ரகசியப் பேச்சை விட்டுவிட்டு நேராகவே அடித்தேன்:

"மருந்து குடிச்சிட்டேன். பிள்ளைக்கும் கொடுத்துட்டேன். போதுமா? இனிமே யாரும் என்னை ஒண்ணும் கேக்க வேணாம்."

அனுப்பிவிட்டுப் போனைத் தலையணையில் வீசினேன். பையனைத் தூளியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் கட்டைவிரல் போன இடத்தைக் கேளுங்கள். அதே நிமிஷத்தில் புவனேஸ் அண்ணி, நாலு வீடு தள்ளியிருக்கிற உண்மையான அண்ணி, "பருப்பு வடை சுட்டேன், வர்றியா?" என்று அனுப்பியிருக்கிறார். "அண்ணி" மேலே ஏறி நின்றது. "அண்ணி 2" கீழே இறங்கிவிட்டது. நான் மேலே இருந்ததை அமுக்கிவிட்டேன்.

வடைக்குக் கூப்பிட்டவருக்குப் போன பதில் அது.

எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் என்னவென்று டவுனில் வாழ்கிறவர்களுக்குத் தெரியாது. இங்கே காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை. தேயிலைக்கு நடுவில் புல் சாக அடிக்கிற விஷம்தான் மருந்து. மருந்து அடிக்கிற ஆள், மருந்து ஸ்டோர், மருந்து வாடை. இப்போது அந்த வேலையைச் செய்வது பங்களாதேஷ் பையன்கள் என்றாலும் பேச்சு மாறவில்லை. "அவ மருந்து குடிச்சிட்டா" என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் "என்ன மருந்து?" என்று கேட்கமாட்டார். "உசுரு இருக்கா?" என்றுதான் கேட்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் லயத்திலேயே நடந்தது. கடைசி வீட்டு வேலாயி அக்காவின் மகள், திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்த பெண், மருந்து குடித்துவிட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, சும்மா வாயில வச்சேன், துப்பிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். இரண்டு நாள் நன்றாக நடமாடினாள். அப்புறம் போய்விட்டாள். அதிலிருந்து வேலாயி அக்கா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஓர் அலறல். முதலில் ஏதோ பாம்பு என்று நினைத்தேன். பிறகு அது அண்ணியின் குரல், அதில் என் பெயர்.

"ஐயோ மோகனா! பாவி! புள்ளைக்குமாடி குடுத்த!"

குளியலறைக் கதவு உடைகிற மாதிரி இடித்தார்கள். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு திறந்தேன். யார் யாரோ என் கையைப் பிடித்தார்கள். வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். ஈரத் தலையோடு என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். லயமே அங்கே நின்றது. கங்காணி நாகப்பன் அண்ணன் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். அத்தை தூளியிலிருந்து பையனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "என் ராசா, கண்ணத் தொற ராசா" என்று அவனை உலுக்கினார். தூங்கிய பிள்ளை வீல் என்று கத்தினான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ஆச்சு அண்ணி? யாருக்கு என்ன?"

அண்ணி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் வாசித்தேன். நான் எழுதியதை நானே வாசித்தேன்.

"இது... இது அந்த மருந்து இல்ல அண்ணி!"

"அப்பறம் எந்த மருந்து?"

"சளி மருந்து. சளிக்குக் குடிச்சேன்."

"சளி மருந்து குடிச்சவ இனிமே யாரும் என்னக் கேக்காதீங்கன்னு எழுதுவாளா? நாங்க என்ன மடையங்களா? ஏன்டி, டின் பால் விஷயத்துல அம்மா நாலு வார்த்த சொன்னதுக்கா இப்படிப் பண்ணுன?"

அத்தை "ஐயோ, நான்தான் கொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த நேரத்திலும் என் மூளை கணக்குப் போட்டது. சரி, காரில் ஏறிவிடலாம். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். மிஸ்ஸியைக் கூப்பிடலாம். ரகசியம் ரகசியமாகவே இருக்கும். "சரி, ஆஸ்பத்திரிக்கே போவோம். வாங்க" என்று காரை நோக்கி நடந்தேன்.

"ஆஸ்பத்திரியா?" என்று ஒரு குரல். வேலாயி அக்கா. கையில் ஒரு டம்ளர், அதில் துணி துவைக்கிற சவுக்காரம் கரைத்த தண்ணீர், நுரையோடு. "இன்னைக்கு சனிக்கிழம. ரோட்ல ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார் பூரா நிக்குது. எம்மவளக் கொண்டுபோனப்பவும் இப்படித்தான் ஜேம்ல நின்னோம். எம்மவளும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னா. நான் நம்பித் தொலச்சேன்." அவர் கண்ணில் கண்ணீர் இல்லை. "மொதல்ல வாந்தி எடுக்க வைக்கணும். பச்ச மண்ணு தாங்காது. மொதல்ல புள்ளைக்கு ஊத்து சரோஜா."

அத்தை பிள்ளையைத் திருப்பிப் பிடித்தார். அண்ணி அவன் கன்னத்தை அமுக்கினார். என் பிள்ளையின் வாய் மீன்குஞ்சு வாய்போலத் திறந்தது. வேலாயி அக்கா கரண்டியை எடுத்தார்.

நான் பாய்ந்தேன். இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். "விடுங்க! அவனுக்கு ஒண்ணும் இல்ல! சவுக்காரத்த ஊத்தாதீங்க, மூச்சு அடைச்சிரும்!" என்னை யார் கேட்டார்கள்? மருந்து குடித்தவள் சொல்வதையெல்லாம் கேட்கக்கூடாது என்பது அந்த லயம் ஓர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். முதல் கரண்டி அவன் உதட்டில் பட்டு வழிந்தது. அவன் திணறினான்.

சத்தியமாவது மண்ணாவது.

"அது எச்.ஐ.வி. மருந்து!" என்று கத்தினேன். ஸ்டோர் சங்கு தோற்றுப்போனது என்றால் அன்றைக்குத்தான். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு! நான் மாத்திரை போடுறேன்! புள்ளைக்கு வரக்கூடாதுன்னு கிளினிக்ல குடுத்த மருந்து! அத நிப்பாட்டுனாத்தான் அவனுக்கு ஆபத்து! ரசத்துக்குக் கீழ அரிசி டின்ல இருக்கு, போய்ப் பாருங்க!"

ரசமாம். மேல் தட்டில் ரசப்பொடி, கீழே அரிசி டின். என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஆனால் அந்த மூன்று எழுத்தை எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

என்னைப் பிடித்திருந்த கைகள் விட்டன. ஒவ்வொன்றாக இல்லை, ஒரே நேரத்தில். ஒருத்தி தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அண்ணி அரிசி டின்னிலிருந்து மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தார். கிளினிக் சீட்டு ஒட்டியிருந்தது. பையனின் பெயர் போட வேண்டிய இடத்தில் 'மோகனா பிள்ளை' என்று இருந்தது. என் போனையும் எடுத்து வந்திருந்தார். "அண்ணி ரெண்டுன்னு யாரு? எம்பேர்ல யாரு தெனமும் சாப்பிட்டாச்சான்னு கேக்குறா?" என்றார். நான் மறைக்கவில்லை. அது நர்ஸ், சாப்பாடு என்றால் மாத்திரை என்று சொன்னேன்.

பிறகு நடந்ததுதான் என் நெஞ்சில் இன்னும் நிற்கிறது. அத்தை குனிந்து பையனைப் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் "என் ராசா" என்று மார்பில் அணைத்திருந்த அதே பிள்ளை. மெதுவாக, மிக மெதுவாக, அவனை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். அவனைக் காப்பாற்ற அடித்துக்கொண்டு ஓடிவந்த அத்தனை பேரும் வட்டமாக நின்றார்கள். நடுவில் நாற்காலியில் என் பிள்ளை, உதட்டில் நுரையோடு கத்திக்கொண்டு. ஒரு கை நீளவில்லை. எனக்குக் கால் நகரவில்லை. இது நிஜமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேலாயி அக்கா டம்ளரைத் தூரக் கொட்டினார். முன்னால் வந்து பையனைத் தூக்கினார். முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்து, நாக்கில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பொழைக்கிற மருந்துதானடி. இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? எங்கையால ஒரு புள்ளயக் கொல்லப் பாத்தேனே" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதார். இரண்டு வருஷமாக அழாத அழுகை.

அந்த நேரம் பார்த்து ஹரிதாஸ் ஓட்டுகிற லோரி வந்து நின்றது. அண்ணி முன்னமே அவருக்குப் போன் பண்ணியிருக்கிறார். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு, கொழுந்து வண்டி வருகிற குறுக்குப் பாதையில் ஓட்டி வந்திருக்கிறார். குதித்து இறங்கி, "மோகனா! புள்ள!" என்று ஓடிவந்தார். நாங்கள் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்பாடா, வந்துவிட்டார், இனி நான் தனி ஆள் இல்லை என்று நினைத்தேன்.

"தம்பி," என்றார் அண்ணி. "ஒம் பொண்டாட்டிக்கு எச்.ஐ.வி.யாம். மறச்சி வச்சிருக்கா. உனக்குத் தெரியுமா?"

அவர் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார். பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு சுற்றி நிற்கிற லயத்தைப் பார்த்தார்.

"எனக்கு... எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

அவர் என்னை அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? வாய்க்காரி, சங்குக்காரி, ஒரு சொல் வரவில்லை எனக்கு. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அது நான் அறிந்த முகம்தானா என்று பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா அம்மா?" என்றார் அண்ணி.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்மவன் வாழ்க்கையக் கெடுத்துட்டாளே. எங்கேர்ந்து கொண்டாந்தாளோ? ஹரி, இப்பவே இவளக் கம்போங் ராஜாவுல அவ அப்பன் வீட்ல விட்டுட்டு வா. அந்த லோரியிலயே ஏத்து."

நாகப்பன் அண்ணன் காரின் இன்ஜினை அணைத்தார். யாரோ ஒருத்தி என் துணிமணியை எடுத்துவர உள்ளே போனாள், அவ்வளவு அவசரம்.

அப்போது ஹரிதாசின் சட்டைப் பையில் போன் அடித்தது.

ஏழு மணி. நான் பதில் போடவில்லையே. போட்டது வேறு ஆளுக்கல்லவா?

அவர் போனை எடுத்துப் பார்த்தார், எடுக்காமல் பைக்குள் திணிக்கப் போனார். பக்கத்தில் நின்ற அண்ணியின் கண் அதற்குள் திரையில் விழுந்துவிட்டது. என் அண்ணி லேசுப்பட்ட ஆள் இல்லை. போனைப் பிடுங்கினார். அதைப் பார்த்தார். தன் கையில் இருந்த என் போனைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"அக்கா ரெண்டு" என்று வாசித்தார். குரல் மாறியிருந்தது. "நான் இங்க நிக்கிறேன். உனக்கு நான் ஒருத்திதானடா அக்கா? யாருடா இந்த ரெண்டாவது அக்கா?"

அண்ணி பச்சைப் பொத்தானை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டார். பார்பரா மிஸ்ஸியின் குரல், வழக்கம்போல அவசரமாக, கொஞ்சம் எரிச்சலாக, எல்லாருக்கும் கேட்டது.

"ஹரி, மோகனா பதில் போடலியே, ஏன்? நீங்களும் ரெண்டு நாளாப் பதில் போடல. என்னப்பா இது? ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா?"

அத்தை, "சாப்பாடுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தன் மகனைப் பார்த்தார். லயம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் தரையிலிருந்து எழவே இல்லை.

"ஹலோ? ஹரி? சாப்பிட்டாச்சா?"

நான் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனுக்கு அருகில் போனேன். தொலைந்துபோன என் குரல் திரும்ப வந்திருந்தது.

"நான் மோகனா பேசுறேன் மிஸ்ஸி. நான் சாப்பிட்டாச்சு. குட்டியும் சாப்பிட்டாச்சு. அவுருதான் இன்னும் சாப்பிடல."